மூன்றாவது கிளாஸில் மஞ்சள் வாசனை

போன வருஷம் மாசி மாதம். மாத்தளையில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. நான் வேலை பார்ப்பது தம்புள்ளைக்குப் பக்கத்தில், குளத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சுற்றுலா ஹோட்டலின் பாரில். கையில் காப்புக் கட்டிக்கொண்டு விஸ்கி ஊற்றியவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

காப்பு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இங்கே சாமான் விலையெல்லாம் கைக்கு எட்டாமல் போன காலத்தில், பாதியில் நின்ற எங்கள் வீட்டைக் கட்டி முடிப்பதற்காகப் போனவள். அவள் அனுப்பியதில் கூரை வந்துவிட்டது. ஜன்னல்களுக்கு இன்னும் பலகைதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போன பிறகு அந்த வீட்டில் நானும் பலகைகளும்தான். அந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, வீட்டுக்காரர்களோ இன்னொரு தடவை கையெழுத்துப் போடச் சொல்லி நெருக்குகிறார்கள். அவள் ஊருக்கே வந்துவிட வேண்டும் என்று பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டேன்.

பச்சை மஞ்சள் துண்டு ஒன்றைக் கயிற்றில் முடிந்து பூசாரி வலது மணிக்கட்டில் கட்டிவிட்டார். அதை அவிழ்க்கும் வரை மச்சம் மாமிசம் கிடையாது, குடி கிடையாது. என் தொழில் என்னவென்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் காப்பின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

"குடிச்சாத்தான் குத்தம். ஊத்துறது ஒங்க பொழப்பு. ஆத்தா யார் வயித்துலயும் அடிக்க மாட்டா" என்றார்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஹோட்டலில் விஸ்கிக்கென்று தனியாக ஒரு பார் திறக்க ஏற்பாடானது. அதை நடத்த ஒரு பொறுப்பாளர் வேண்டும். போட்டியில் இரண்டே பேர், நானும் கொழும்பில் பயிற்சி எடுத்துவிட்டு வந்த ஒரு சக ஊழியரும். அப்போது எங்கள் ஹோட்டலில் ஒரு அமெரிக்க அம்மா தங்கியிருந்தார். அவர் நாட்டில் விஸ்கிப் போட்டிகளுக்கு நடுவராக இருந்து ஓய்வு பெற்றவராம். பாருக்கு எந்த போர்பன் விஸ்கியை வாங்குவது என்று பார்த்துச் சொல்ல மனேஜர் அவரைக் கேட்டார். கையோடு எங்கள் இருவரில் யார் மூக்கு நல்ல மூக்கு என்றும் பார்த்துச் சொல்லச் சொன்னார். வியாழக்கிழமை பின்னேரம் சோதனை. சனிக்கிழமை அந்த அம்மா விமானம் ஏறுகிறார். அதனால் காப்பு அவிழும் வரை பொறுங்கள் என்று கேட்கவும் வழியில்லை.

மனைவியிடம் போனில் சொன்னேன்.

"எனக்கு அந்த எடம் கெடைச்சா சம்பளம் கூடும். நீ கையெழுத்துப் போடாத. வந்துரு."

"கெடைக்காட்டி?"

"கெடைக்கும்."

"சரிங்க. வெள்ளிக்கெழமக்குள்ள நான் பதில் சொல்லணும். அன்னைக்குப் பின்னேரம் போன் எடுக்கிறேன், நல்ல சேதியா சொல்லுங்க" என்றாள்.

அவள் குரலில் ஆசை இருந்தது. அதை என்னிடமிருந்து மறைக்கப் பார்த்ததும் தெரிந்தது. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பஸ் நாலந்தாவைத் தாண்டும்போதும் அந்தக் குரல்தான் காதில் இருந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவதா, மரக்கதவு போடுவதா என்று அவளோடு மனதுக்குள் சண்டை போட்டபடி போனேன்.

போர்பன் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரும்பாலும் சோளத்திலிருந்து வடித்து, உள்ளே கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில் ஊற வைக்கும் அமெரிக்க விஸ்கி அது. வழக்கமாகத் தண்ணீர் கலந்து காரத்தைக் குறைத்துத்தான் போத்தலில் அடைப்பார்கள். அன்று மேசைக்கு வந்தவை அப்படியல்ல. பீப்பாயில் இருந்த காரம் இருந்தபடியே வந்தவை, பாதிக்கு மேல் வெறும் சாராயச் சத்து. பழகாதவன் மூக்கை உள்ளே விட்டால் அன்றைக்கு அந்த மூக்கு வேறு வேலைக்கு உதவாது.

மேசைக்குத் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தவர் எங்கள் சமையலறைப் பொறுப்பாளர். மாத்தளை முஸ்லிம், என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். போத்தல்களையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார்.

"ஒங்களுக்குக் காப்பு, எனக்கு ஹராம். இந்த மேசைக்குக் காவல் வைக்க நல்ல ரெண்டு பேரத்தான் புடிச்சிருக்காங்க."

போத்தல்களுக்குத் துணி சுற்றியிருந்தது. அந்த அம்மா கட்டையாக வெட்டிய நரைத்த தலையோடு, அதிகம் சிரிக்காத ஆள். கிளாஸை நாடிக்குக் கீழே வைத்து மெல்ல உயர்த்த வேண்டும், வாயைக் கொஞ்சம் திறந்தபடி மூச்செடுக்க வேண்டும், அப்போதுதான் காரம் விலகி வாசனை வரும் என்று காட்டித் தந்தார். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கைப் பழக்க வேண்டும், இரண்டாவது வாய்தான் கணக்கு. அதற்குப் பிறகு சொட்டுத் தண்ணீர் விட்டுத் திரும்பவும் பார்க்க வேண்டும். சக ஊழியர் அழகாகச் செய்தார். நான் மூக்கோடு நிறுத்திக்கொண்டேன். ஏன் குடிக்கவில்லை என்று அந்த அம்மா கேட்டார். சாமிக்கு நேர்த்தி என்றேன். மூக்கே போதும், நாக்கு சும்மா சாட்சிக்குத்தான் என்றார்.

முதல் கிளாஸில் எனக்குக் கித்துள் பாணி வந்தது, கித்துள் மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகு. கித்துள் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. நானா சமையலறையிலிருந்து ஒரு கரண்டியில் கொண்டுவந்து கொடுத்தார். நக்கிப் பார்த்துவிட்டுக் கிளாஸை முகர்ந்தார், தலையாட்டினார். இரண்டாவதில் கராம்பும் கொஞ்சம் ஈரப் பலகையும் என்றேன். அதற்கும் தலையாட்டினார். மனேஜர் என் தோளைத் தட்டினார். எனக்குள் ஜன்னல் கண்ணாடி எல்லாம் போட்டாகிவிட்டது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் காரமானது. குடிக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது என்று சொல்லி, அந்த அம்மா என் உள்ளங்கையில் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார். இரண்டு கையையும் தேய்த்து, சாராயம் பறந்த பிறகு முகத்தருகே குவித்து முகர வேண்டுமாம். தேய்த்தேன். முகத்தைக் கைக்குள் வைத்தேன்.

மஞ்சள் வந்தது.

கடையில் வாங்கும் தூள் மஞ்சள் இல்லை. கல்லில் அப்போதுதான் உரசிய பச்சை மஞ்சள். வெள்ளிக்கிழமை என் மனைவி தலை முழுகிவிட்டு வெளியே வரும்போது வாசல் வரைக்கும் வருமே, அது. கழுத்தில் சரியாகக் கழுவாமல் விட்ட மஞ்சள், என் சட்டைக் கொலரில் ஒட்டி, "ஹோட்டல்ல கேப்பாங்கடி" என்று நான் கத்திய மஞ்சள். அவள் போன பிறகு அலுமாரியில் அவளுடைய சேலைகளில் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். முதல் சில மாதம் இருந்தது, பிறகு பூச்சி உருண்டை வாசம்தான். அது இந்த அமெரிக்க விஸ்கியில் என்ன செய்கிறது? கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"மஞ்சள்" என்றேன். "பச்சை மஞ்சள்."

அந்த அம்மா தன் கிளாஸை முகர்ந்தார். புருவம் சுருங்கியது. இல்லை என்றார். சக ஊழியரும் பார்த்துவிட்டு மெதுவாக இல்லை என்றார். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும், வந்தது என்னவோ பிடிவாதம். திரும்பக் கையை முகர்ந்தேன், இன்னும் பலமாக வந்தது.

"இருக்கு மேடம். நல்லா இருக்கு. திரும்பப் பாருங்க" என்றேன்.

விருந்தாளியிடம் நான் வாதாடியது அதுதான் முதல் தடவை. மனேஜர் சிங்களத்தில், "மல்லி, போதும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தம்பி என்று கூப்பிட்டுத்தான் அவர் யாரையும் அடக்குவார். எனக்கு அடங்கத் தோன்றவில்லை. இத்தனை போட்டிக்கு நடுவராக இருந்தவருக்கு இதுகூடவா தெரியவில்லை என்று உள்ளுக்குள் ஒரு கோபம்.

அந்த அம்மா எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். கையைக் காட்டு என்றார். உள்ளங்கையை முகர்ந்தார், அப்படியே கீழே வந்து என் சட்டைக் கையை மேலே தள்ளினார். காப்புக் கயிறு நனைந்து போயிருந்தது. கையில் ஊற்றிய விஸ்கி வழிந்து, அந்தக் காரத்துக்கு மஞ்சள் துண்டு கரைந்து, வெள்ளை யூனிபோமின் உள்பக்கமெல்லாம் மஞ்சள் இறங்கியிருந்தது. நாள்கணக்காகக் கையிலேயே கிடந்ததால் என் மூக்குக்கு மரத்துப்போன வாசம், சாராயம் பட்டதும் எழும்பி வந்திருக்கிறது.

மனேஜரும் சக ஊழியரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன். நானா சிரிக்கவில்லை, பிஸ்கட் தட்டை ஒழுங்கு பண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார். அவருக்குத்தான் என் வீட்டு விஷயம் தெரியும்.

அந்த அம்மாவும் சிரிக்கவில்லை. கிளாஸை எப்படி முகரச் சொன்னாரோ, அதே மாதிரி வாயைக் கொஞ்சம் திறந்தபடி என் மணிக்கட்டை மெதுவாக முகர்ந்தார். அவசரமே இல்லை.

"சரிதான், மஞ்சள்தான்" என்றார். பிறகு, "யாருடைய வாசனை?" என்று கேட்டார்.

என் மனைவியுடையது, அவள் குவைத்தில் இருக்கிறாள் என்றேன். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வெறும் மஞ்சளுக்காக யாரும் இப்படிச் சண்டை பிடிக்க மாட்டார்கள் என்றார். பிறகு, மற்றவர்கள் போத்தல்களின் துணியை அவிழ்த்துப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அவருடைய கணவர் இறந்துவிட்டாராம். காரமான போர்பன் எதை எடுத்தாலும் முதலில் கணவருடைய நனைந்த மழைக்கோட்டின் வாசனைதான் வருமாம். ஒரு போட்டியிலும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லையாம், ஏனென்றால் அது கிளாஸில் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பரிதாபப்பட்டு அவர் எனக்காகப் பேசவில்லை. நல்ல மூக்கு, ஆனால் இன்றைக்குச் சரியாகச் சொன்னவர் மற்றவர் என்று மனேஜரிடம் நேராகச் சொன்னார். நியாயம்தான். அந்த இடம் சக ஊழியருக்குப் போனது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். போன் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே, "கெடைக்கலையா?" என்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மஞ்சள் என்று நான் அடம்பிடித்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. பிறகு அவள் குரல் இறங்கியது.

"இங்க மஞ்சளே பூசுறதில்லீங்க. இந்த வீட்டம்மாவுக்கு அந்த மணம் புடிக்காது. இவங்க குடுக்கிற சோப்புதான். என் மேல இப்ப என்ன மணம் வருதுன்னு எனக்கே தெரியல" என்றாள்.

பக்கத்தில் கண்டி பஸ்காரர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபடி நின்றேன்.

"கையெழுத்துப் போட்டுர்றேங்க. ஜன்னல முடிச்சிருவோம்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவளே பேச்சை மாற்றினாள்.

"காப்ப எப்ப அவுக்கிறீங்க?"

"மஞ்சத்தண்ணி அன்னைக்கு."

"ஆத்துல விடுறதுக்கு முன்னுக்கு ஒரு தடவ மோந்துக்கங்க. எனக்கும் சேத்து."

பால்குடம் எடுத்தேன். நேர்ந்தது நேர்ந்ததுதானே. தலையில் குடத்தோடு நடந்தபோது அம்மனிடம் கோபித்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை, அவளைப் பத்திரமாக வை என்று மட்டும் சொன்னேன். திருவிழாவின் கடைசியில், மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும் மஞ்சத்தண்ணி அன்று கயிற்றை அவிழ்த்து, அவள் சொன்னபடி முகர்ந்தேன். மஞ்சளும் இருந்தது, பீப்பாய் மரமும் இருந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை. கண்ணை மூடித் திறந்துவிட்டு ஆற்றில் விட்டேன்.

இப்போது அந்த விஸ்கி பாரில்தான் நிற்கிறேன், சக ஊழியருக்குக் கீழே. காரமான போர்பன் கேட்கிறவர்கள் இதில் என்ன வாசனை வரும் என்று விசாரிப்பார்கள். கருகிய சீனி, கராம்பு, மரம் என்று கிளாஸில் உள்ளதைச் சொல்வேன். ஊற்றி முடித்ததும் வலது மணிக்கட்டை ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கயிறில்லாத கையில் ஒன்றும் வராது என்று தெரிந்தும் செய்கிறேன். அவள் வந்து, ஒரு வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு என் பக்கத்தில் நிற்கிற வரைக்கும், எவ்வளவு நல்ல விஸ்கியிலும் எனக்கு ஒரு வாசனை குறைந்துகொண்டேதான் இருக்கும்.