வாசலில் நிற்கும் சக்கர நாற்காலி

எங்கள் மருத்துவமனை வாசலில் நிற்கும் சக்கர நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் சிஸ்டம் அக்காவின் நினைவு வரும். சங்கரன்கோவிலில் எங்கள் தனியார் மருத்துவமனையின் கணினிகளைக் கவனித்துக்கொண்டவர் அவர். நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். அவர் மேலாளரிடம் மன்றாடியது என் மேசைக்கு முன்னால்தான்.

காலையில் திறக்கிற ஒவ்வொரு கணினியும், நோயாளி விவரமும் மருந்துக் கணக்கும் இருக்கும் டேட்டாபேஸோடு ஓர் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். சும்மா கிடந்தாலும் சாயங்காலம்வரை விடாது. இணைப்புகளுக்கு ஒரு வரம்பு உண்டு. அது நிரம்பிவிட்டால் அடுத்து வருகிறவருக்கு இடமில்லை. "இந்த வண்டி மாதிரிதான் சார். ஆள வார்டுல இறக்குனதும் வாசலுக்கு வந்துரணும். ஆளுக்கொண்ணு கட்டில் பக்கத்துலயே வச்சிக்கிட்டா அடுத்தாளு என்ன செய்வான்?" என்றார் அக்கா, வாசல் நாற்காலியைக் காட்டி. இடையில் ஒரு கனெக்‌ஷன் பூல் வைத்தால், இருக்கிற சில இணைப்புகளையே வேலை முடிந்ததும் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும், மற்றவர்கள் கொஞ்சம் காத்திருந்தால் போதும் என்று விளக்கினார். காத்திருப்பது என்ற பேச்சே மேலாளருக்குப் பிடிக்காது. வரம்பைக் கூட்டச் சொல்லிவிட்டார். ஒவ்வோர் இணைப்பும் மெமரியைத் தின்னும், சர்வர் படுத்துவிடும் என்று அக்கா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பெரிய எண்ணைப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

கூட்டம் நெரித்த ஒரு திங்கட்கிழமை காலையில் சர்வர் படுத்தது. அந்த நேரம் பார்த்து, குருவிகுளம் பக்கம் உளுந்துக் காட்டில் பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இந்த நாற்காலியில்தான் உள்ளே தள்ளிப் போனார்கள். அவசரப் பிரிவில் விஷமுறிவு மருந்து தீர்ந்திருந்தது. மருந்தகத்தில் இருந்தது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குப்பிகள் தெரிந்தன. ஆனால் கணினியில் பதியாமல் ஒரு மாத்திரைகூட வெளியே போகக் கூடாது என்பது மேலாளரின் சட்டம். அக்கா ஓடிவந்து, "எம் பேருல எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. உசிரு போய்க்கிட்டிருக்கு," என்றார். மருந்தகத்துக்காரர் மேலாளரைக் கேட்காமல் தர மாட்டேன் என்றார். மேலாளரின் போன் பிஸியாகவே இருந்தது. கடைசியில் லைன் கிடைத்து மருந்து போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் உயிரோடு இல்லை.

பழி அக்காவின் தலையில் விழுந்தது. "நா அன்னைக்கே சொன்னேம்லா," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சிவகிரி பஸ் ஏறியவர் திரும்பி வரவில்லை.

இப்போது கனெக்‌ஷன் பூல் வைத்தாயிற்று. எத்தனை கூட்டம் வந்தாலும் எதுவும் நிற்பதில்லை. வருகிறவர்களிடம் மேலாளர் அதைப் பெருமையாகச் சொல்லும்போது என் கண் வாசல் நாற்காலிக்குப் போகும். அன்றைக்கு அந்த மனிதரின் மனைவி காலி நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் ஓரமாக நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள்:

"இத இங்கனதான விடணும், தாயி?"