முரளி என்று இங்கே யாரும் இல்லை

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில், அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர் ஒட்டவில்லை என்றால் அப்படி ஓர் ஆளே கிடையாது. கடிதம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். வந்த புதிதில் முரளிதரன் கோவிந்தசாமி என்று பெருமையாக எழுதி ஒட்டப் போனேன். அந்தக் குட்டிச் சட்டத்தில் ‘கோவி’ வரைக்கும்தான் இடம் இருந்தது. எதிர்வீட்டு ஃப்ராவ் ஹெல்கா இன்றுவரை என்னை “ஹெர் கோவி”, அதாவது மிஸ்டர் கோவி, என்றுதான் கூப்பிடுகிறார். பெங்களூரு ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் பெயரே கிடையாது. ஆனாலும் பால்காரரிலிருந்து சிலிண்டர் போடுபவர் வரை எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஒரே ஒரு நாள் மட்டும் யாருக்கும் தெரியாமல் போயிற்று. அந்த ஒரு நாளில் என் விசா போயிருக்கும்.

எனக்குக் கிடைத்தது கார் பிரேக்குக்கான மென்பொருளைச் சோதிக்கும் வேலை. ஸ்கூட்டரில் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறவன் நான். அதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செய்தியைச் சொன்னதும் அம்மா முதலில் செய்தது, கதவைச் சாத்தியது.

“விசா கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. கண்ணு பட்டுடும்.”

“என் மூஞ்சியைப் பார்த்து எவன்மா கண்ணு வைப்பான்?”

“மூஞ்சிக்கு யாருடா வைக்கிறாங்க? வேலைக்கு வைப்பாங்க.”

அன்றிலிருந்து வீடே ரகசிய இலாகா ஆனது. ஜெர்மன் பாடத்தைக் குளியலறையில்தான் படித்தேன். அந்த மொழியில் பாதி எழுத்துகள் தொண்டையைக் காறினால்தான் வரும். பக்கத்து வீட்டுச் செல்வி ஆன்ட்டி, “ஏன்க்கா, முரளி காலையிலே அப்படிக் காறுறான்?” என்று கேட்டதற்கு, “சளி” என்று அம்மா முடித்துவிட்டாள்.

அப்போதுதான் வெரிஃபிகேஷன்காரர் வந்தார். கொடுத்த முகவரியில் நான் நிஜமாகவே இருக்கிறேனா என்று பார்த்துவர ஜெர்மன் கம்பெனி ஏற்பாடு செய்த ஆள். நான் ஆபீஸில் இருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, “இல்லி முரளிதரன் அந்த யாராத்ரூ இத்தாரா?” என்று, அப்படி யாராவது இங்கே இருக்கிறாரா எனக் கன்னடத்தில் கேட்டிருக்கிறார். எதற்கு என்றாள் அம்மா. ஃபாரின் வேலை விஷயம் என்றார். போதாதா?

“அப்படி யாரும் இங்க இல்லியேப்பா.”

மனிதர் செல்வி ஆன்ட்டி வீட்டுக்குப் போனார். சின்ன வயதில் நான் பந்தடித்து உடைத்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “முரளியா? கேள்விப்பட்டதே இல்ல” என்றாராம் ஆன்ட்டி. மூலைக் கடை ஜபார் பாய், “அய்சா கோயி நை”, அப்படி யாருமில்லை என்று உருதுவில் கையை விரித்துவிட்டார்.

சாயங்காலம் அம்மா, “ஒருத்தன் மோப்பம் பிடிச்சுட்டு வந்தான்டா, விரட்டிட்டேன்” என்றாள் வெற்றிக் களிப்பில். மறுநாள் கம்பெனியிலிருந்து மெயில். அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று தெரிகிறது. மறுபடி விசாரித்தும் இதே பதில் என்றால் வேலை ரத்து. விசா நேர்காணலோ அடுத்த வாரம். கண் படாமல் காத்த வேலையை அம்மாவின் வாயே கெடுத்துவிட்டதே!

கெஞ்சிக் கூத்தாடி அந்த ஆளை மறுபடி வரவழைத்தேன். அம்மா தெருவில் இறங்கி நின்று, ஊரறியச் சொன்னாள்: “சார், இவன் என் பையன்தான். அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

“சரிம்மா, நீங்க ஒருத்தர் சொன்னீங்க. தெருவே சொல்லிச்சே?”

அம்மா திரும்பினாள். “செல்வி, நீ ஏன்டி இல்லைன்னே?”

“நீங்கதானேக்கா, ஜெர்மனி விஷயம், கண்ணு படும், யாருக்கும் சொல்லாதேன்னு எனக்கு மட்டும் சொன்னீங்க? நானும் பாய்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

“நான் எல்லார்கிட்டயும் தனித்தனியா, ரகசியமாதான் சொன்னேம்மா” என்றார் பாய், நெஞ்சில் கை வைத்து.

வெரிஃபிகேஷன்காரர் தலையில் அடித்துக்கொள்ளப் போனார், ஹெல்மெட் தடுத்தது. வாசலில் எங்கள் எல்லாரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார். கிளம்பும்போது அம்மா என்னோடு சேர்த்து அவருக்கும் மிளகாய் சுற்றிப் போட்டாள். விசா வந்தது.

இப்போது இங்கே நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டிருக்கிறேன். பழக்கம் விடுமா? எதிர்வீட்டு ஹெல்காவிடம், “பேப்பர் கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள், கண் விழும்” என்று என் குளியலறை ஜெர்மனில் சொல்லிவைத்தேன். அவர் பதறி, “டாக்டரிடம் காட்டினீர்களா?” என்றார். என் கண்ணல்ல, ஊர்க் கண் என்று விளக்கியதும் மிகுந்த கடமையுணர்ச்சியோடு தலையாட்டினார்.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள். “டேய், முறுக்கு அனுப்பினேனே, திரும்பி வருதாம்டா. அந்த அட்ரஸ்ல ஆளே இல்லையாம்!”

கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். என் பெயரின் மேல் பிளாஸ்டர். ஹெல்கா கதவை லேசாகத் திறந்து, உதட்டில் விரலை வைத்தார். “ஒருவன் வந்தான், ஹெர் கோவி. உங்களைக் கேட்டான். அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.”

அம்மாவிடம் சொன்னேன். “நல்ல பொம்பளைடா. நம்ம செல்வி மாதிரியே” என்றாள்.

பிளாஸ்டரை இன்னும் நான் பிய்க்கவில்லை. பேப்பர் கைக்கு வரட்டும். அதுவரை ஜோகுபாளையத்துக்கும் இந்த ஊருக்கும் நடுவில் எங்கேயோ, என் முழுப் பெயரையும் சுமந்துகொண்டு, ஒரு முறுக்கு டப்பா மட்டும் பறந்துகொண்டிருக்கிறது.