தண்ணீர் மேசையை அடித்தது யார்?

செடிகளைக் கொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் அவள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில் பதினாறு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. தளதளவென்று நிற்கிற நெற்பயிருக்குத் தண்ணீரை நிறுத்துவாள், உப்புக் கரைசல் ஊற்றுவாள், வெப்ப அறையில் வைத்து வாட்டுவாள். பிறகு குறித்த நேரத்தில் இலையைக் கத்தரித்து, புகை கக்குகிற திரவ நைட்ரஜனுக்குள் போடுவாள். கத்தரி பட்டது இலைக்கு உறைப்பதற்குள் இலை உறைந்துவிட வேண்டும். அவள் கைக்கு அது மூன்று விநாடி, மற்றவர்களுக்குப் பத்து. அதனால் மாணவர்கள் ‘மின்னலக்கா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பேர் சம்பளச் சீட்டோடு சரி.

ஏன் இந்த அவசரம் என்றால், அந்தக் கூடத்தின் தலைமை விஞ்ஞானி, எல்லோருக்கும் ‘மேடம்’, தேடிக்கொண்டிருந்தது சுவிட்ச் ஜீன்களை. பயிருக்கு ஒரு கஷ்டம் வந்தால் மற்ற ஜீன்களைத் தட்டி எழுப்புகிற ஜீன்கள் அவை. பெரிய கூட்டுக்குடும்பம், நூறு பேருக்கு மேல். தாகத்துக்குச் சிலர் எழுந்திருப்பார்கள், உப்புக்குச் சிலர். அடிபட்டாலோ இலை கிழிந்தாலோ அரைமணி நேரத்துக்குள் வேறு சிலர், கிழியாத இலையில்கூட, கூச்சல் போட ஆரம்பித்துவிடுவார்கள். யார் விழித்திருந்தார், யார் தூங்கினார் என்பதை உறைந்த இலை அப்படியே சொல்லிவிடும். “எங்க நாத்தனாருங்க தேவலாம் போல” என்று மின்னலக்கா இதை முதல்முறை கேட்டபோது சொன்னாள்.

அதே கூடத்தில் மோட்டாரும் குழாயும் பார்ப்பவன் அவள் புருஷன். தங்கமான மனுஷன் என்று பேர் எடுத்தவன். நாசமாய்ப் போக அந்தப் பேர்! வீட்டில் சாவியைக் காணோம் என்றால் அடி, சாவி கிடைத்துவிட்டால் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அடி. ஒருமுறை விலா எலும்பில் விரிசல் விட்டது. வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இலை வெட்டும் நாள் காலை, ஏழரை மணி. கூடத்தில் இவர்கள் இருவர் மட்டும். வறட்சி மேசையில் முப்பத்திரண்டு தொட்டி, பன்னிரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல். ஒப்பிட்டுப் பார்க்கத் தண்ணீர் மேசையில் இன்னொரு முப்பத்திரண்டு, ஒரு குறையும் வைக்காமல் வளர்த்தவை. வீட்டில் ஆரம்பித்த சண்டையை அவன் அங்கேயும் இழுத்துக்கொண்டு வந்தான்.

“உங்க அக்காகிட்ட போன்ல என்னைப் பத்தி என்னடி சொன்ன?”

“ஒண்ணும் சொல்லலைங்க.”

தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, தண்ணீர் மேசையின் மேல் அவள் முகத்தை மோதினான். ஒரு தொட்டியில் ஆரம்பித்து மேசையின் அடுத்த முனை வரைக்கும் இழுத்து இழுத்து மோதினான். இலைகள் நார்நாராகக் கிழிந்தன. அவள் புருவத்துக்கு மேல் தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. வாசலில் ஆள் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மோட்டாரைப் போடப் போனான்.

அவள் முகத்தைக் கழுவினாள், கிழிந்த இலைகளைக் கிள்ளி மறைத்தாள். கிழியாத இலையாகப் பார்த்து, இரண்டு மேசையையும் வெட்டி முடித்தாள். அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, அவள் பங்குக்கு அது தப்புதான். ஆனால் வீங்கின கண்ணோடு பன்னிரண்டு பேர் முன்னால் நடமாடினாளே, அவர்களுக்கு வாய் இல்லையா? மேடமும் பார்த்தார். “சாம்பிள் பத்திரம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. மேடம் எல்லோரையும் கூட்டினார்.

“தண்ணி மேசையில தாக ஜீன் எல்லாம் தூங்குது. அடிபட்டா முழிக்கிற காய ஜீன் எல்லாம் உச்சத்துல நிக்குது. ரெண்டு வருஷ வேலை பாழ். ஒண்ணு, வெட்டும்போது கை தாமதிச்சிருக்கணும். இல்லேன்னா யாரோ செடியை அடிச்சிருக்கணும். நாளைக்குக் காலையில எனக்குத் தெரியணும். செஞ்சவங்களுக்கு இங்க வேலை இல்லை.”

எல்லார் கண்ணும் மின்னலக்காவின் கைமேல் போனது.

அன்று சாமான் அறையில் அவன் அவளைச் சுவரோடு சாய்த்து, கத்தரி பிடிக்கிற மணிக்கட்டை முறுக்கினான். “கை லேட்டாயிடுச்சுன்னு சொல்லிடு. உன் வேலை போனா நான் சோறு போடுறேன். என் வேலை போச்சு, உன்னை உயிரோட கொளுத்திடுவேன்.”

அவளுக்குப் பயம்தான். பொய் சொல்ல மாட்டாத உத்தமி ஒன்றுமில்லை அவள். பதினாறு வருடமாக அவனுக்காகச் சொன்ன பொய்க்குக் கணக்கே கிடையாது. ஆனால் முதுகும் முகமும் விலாவும் அவன் இஷ்டத்துக்கு என்று ஆகிப்போன பிறகு, அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான். அதையும் கெட்டது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டுமாம்.

மறுநாள் காலை, புருஷனும் எதிரே உட்கார்ந்திருக்க, எல்லோர் முன்னாலும் எழுந்தாள்.

“மேடம், வறட்சி மேசையையும் அன்னைக்கு இதே கைதான் வெட்டுச்சு. அதுல காய ஜீன் முழிச்சிருக்கா, பாருங்க.”

மேடம் தாள்களைப் புரட்டினார். “இல்ல.”

“அப்ப கை தாமதிக்கல. செடிதான் அடி வாங்கியிருக்கு.”

“யாரு அடிச்சது?”

“இவருதான். என் தலையால அடிச்சாரு.”

நாற்காலி பறந்து வந்தது. அது அவள் தோளில் பட்டுத் தரையில் விழுவதற்குள் அவன் மேசையைத் தாண்டி வந்து அவள் வாயில் குத்திவிட்டான். உதடு கிழிந்தது. இரண்டு மாணவர்கள் அவனைத் தரையில் சாய்த்து மேலே உட்கார்ந்தார்கள். கீழே கிடந்தபடியே அவன் ஒரு மாணவனின் முழங்கையைச் சதை பிய்யக் கடித்தான். மேடம் சுவரோரம் ஒடுங்கி, “ஐயோ ஐயோ” என்றார். ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

சாயங்காலம் அவன் வேலை நீக்கக் கடிதம் தயாரானது. நகல் ஒன்று கேட்டு வாங்கினாள். ஆராய்ச்சிப் பயிர்கள் முப்பத்திரண்டுக்குச் சேதம் விளைவித்ததற்காக என்று இருந்தது. மறுபடி படித்தாள். அவளைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. பாவிகளா!

வீட்டுக்குப் போகவில்லை. நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். எழுத்தர் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்து, “என்னம்மா?” என்றார். அவள் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“செடிங்களுக்கு எழுதிட்டாங்க. எனக்கு நீங்க எழுதுங்க.”