அழித்த இரண்டு வரிகள்

அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். அங்கே மூன்று மெயின்ஃப்ரேம்கள், அதாவது பெரிய கணினி இயந்திரங்கள்; வெளியே இருப்பவர்களுக்கு ஒரே முகவரி. வரும் இணைப்புகளை மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் நிரல் அவள் எழுதியது. எட்டு மாத உழைப்பு. சும்மா இருக்கும் இயந்திரத்துக்கு அதிகம் கொடு என்பது விதி. அது ஏன் சும்மா இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடு என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். நிரலின் தலையில், எழுதியவர் என்று அவள் பெயர் இன்னொரு வரி.

மேலாளர் இரண்டையும் அழித்தார்.

"என் பேரு போகட்டும். அந்தச் சோதனை கண்டிப்பா வேணும் சார்."

"வேகம் குறையுதும்மா. தராசுக்கு எப்பவும் சந்தேகம்தான்."

அடுத்த மாதம், அந்த நிரலை எழுதியவர் என்று அவருக்குப் பதவி உயர்வு.

"உன் உழைப்பை முழுங்கி ஏப்பம் விட்டுட்டான்," என்றார் கணவர். "நீ வேடிக்கை பார்த்தியா?"

"இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

பதினான்கு மாதம் பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இயக்குநர்கள் வந்திருந்த நேரம், மூன்றாம் இயந்திரத்தில் சேவை நின்றுபோனது. வந்த இணைப்பையெல்லாம் வந்த வேகத்தில் திருப்பி அனுப்பியது. வேலையே செய்யாததால் நிரலின் கணக்குக்கு அதுதான் சும்மா இருந்தது. நிரல் எல்லோரையும் அங்கேயே தள்ளியது. நல்ல இயந்திரங்கள் இரண்டும் ஈ ஓட்டின. தொலைபேசிகள் அலறின.

முதல் நிமிடமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினோராம் நிமிடம் மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கொஞ்சம் பாரேம்மா."

"எழுதினவர் நீங்க. உங்களுக்குத் தெரியாததா சார்?"

இயக்குநர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லு, நானே அடிக்கிறேன்," என்றார் தாழ்ந்த குரலில்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். "முதல்ல மேல இருந்த வரி."

"அது வெறும் குறிப்பும்மா. அது இல்லாமலே ஓடும்."

"பதினாலு மாசமா ஓடிச்சே, பார்த்தேன். போடுங்க."

பெரிய திரையில், எல்லோரும் பார்க்க, அவர் விரல்கள் அவள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தன. நடுவில் ஓர் எழுத்து தவறியது.

"அழிச்சிட்டு மறுபடி அடிங்க," என்றாள். "அழிக்கத்தான் உங்களுக்கு நல்லா வருமே."

சரியாக அடித்து முடித்த பிறகே இரண்டாவது வரியைச் சொன்னாள்.