மாமனாரும் மண்முகமும்

மாமனார் பக்கத்தில் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற சின்ன அறிவுகூட எனக்கு வாய்க்கவில்லை. அபுதாபியில் ஒரு மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "மாமா, இந்தப் பானை அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

மனைவி பார்த்த பார்வையில் மியூசியத்து ஏசி இன்னும் ரெண்டு டிகிரி இறங்கியது.

அவள் கோபத்தில் நியாயம் உண்டு. மதுரைப் பக்கத்திலிருந்து விசிட் விசாவில் வந்திருந்த அவளுடைய அப்பா மறுநாள் ஊருக்குத் திரும்புகிறார். அவரோடு நின்று ஒரு போட்டோ எடுத்துவிட அவள் படாத பாடில்லை. போனைத் தூக்கினாலே, "எனக்கெதுக்குத்தா போட்டோ" என்று திரும்பிக்கொள்வார். அவள் போனில் சேர்ந்திருப்பதெல்லாம் கடற்கரை, மால், துபாய் தேரா படகுத்துறை என்று வெவ்வேறு இடங்களில் ஒரே முதுகு. கடைசி நாளில், மனுஷர் கொஞ்சம் இளகி வரும் நேரம் பார்த்து நான் பானை என்கிறேன்.

ஆனால் நான் என்ன செய்ய? அது மனிதத் தலையாகவே செய்த பானை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுப் பழைய மண்பாண்டம். அகன்ற மூக்கு, இறுக்கிய உதடு, தலையில் சுற்றிய துணி. உச்சியில் கைப்பிடி மாதிரி வளைந்து எழும் ஒரு குழாய். மாமாவும் ஏசிக்குப் பயந்து மப்ளரைத் தலையில் சுற்றியிருந்தார். குழாய் ஒன்றுதான் குறை.

அவர் கோபிக்கவில்லை. குனிந்து, பானையை நேருக்கு நேர் பார்த்தார்.

"யாரு மாப்ள இவரு?"

"பேரு தெரியாது மாமா. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. நெஜமா இருந்த ஆளோட மொகம்னு போட்டிருக்கு."

"மொகத்தை எதுக்குப் பானையில செஞ்சாக?"

பெட்டிக்குப் பக்கத்திலிருந்த விவரப் பலகையில் அதற்குப் பதில் இல்லை. தெரியாது என்று ரெண்டாம் தடவை சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை.

"வீட்ல பொம்பளப் புள்ள கேட்டிருக்கும் மாமா."

மனைவி என்னைக் கிள்ளினாள். மாமா அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மப்ளரை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பெட்டியை ஒட்டிப் போய் நின்றார்.

"இங்கிட்டு வா பாப்பா."

அவள் போனை என் கையில் திணித்த வேகத்தில் அது கீழே விழாதது ஆச்சரியம். திரையில் மூன்று முகம். முழுக்கப் பல்லாக இருந்தது என் மனைவி. மற்ற ரெண்டில் எது மாமா என்பதை மப்ளரின் கட்டத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இத்தனை நாள் முதுகையே பார்த்தவனுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. சத்தம் போடாமல் பட்டனை அமுக்கியிருக்கலாம்.

"மாமா, கொஞ்சம் சிரிங்களேன்."

அவர் பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

"அவரு சிரிக்கிறாரா?"