விளாவில் ஒட்டிய தோடை

என் மச்சாளுக்குத் தோடம்பழம் ஒன்றைத் தன் கையாலேயே மரத்திலிருந்து பறிக்கவேண்டும் என்று ஆசை. வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. அந்த வருடம் அவள் பள்ளிக்கூடத்தைவிட ஆஸ்பத்திரிக்குத்தான் அதிகம் போய்வந்தாள். தலைமயிர் முழுக்கக் கொட்டிவிட்டது. மருந்து முடிய வளர்ந்துவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வளர்ந்ததும் எப்படிப் பின்னுவது என்று நாங்கள் இருவரும் மும்முரமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா தோடங்கன்று வாங்கப் போனார். மாமாவுக்குப் பார்த்து வாங்கத் தெரியாது என்று மச்சாள் என்னையும் கூட அனுப்பினாள். களுபோவிலப் பக்கம் ஒரு நர்சரி. அதை நடத்தியவர் மலையகத்துக்காரர். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நல்ல தடித்த கன்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இது நாரத்தையில ஒட்டுனதுங்க. காய்க்க மூணு நாலு வருசம் ஆகும். ஆனா ஒங்க பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கும்."

மாமாவின் கண், மூலையில் இருந்த சின்னக் கன்றில் நின்றது. அதில் அப்போதே மொட்டு விட்டிருந்தது.

"ஐயோ, அது வேணாங்க. விளாங்கன்னுல ஒட்டிப் பார்த்தது. வெரசாக் காய்க்கும். ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்காது. ஒட்டு வீங்கி, கொஞ்சக் காலத்துல பட்டுப்போயிரும்."

"சுருக்காக் காய்க்கும்தானே?"

"காய்க்குங்க, ஆனா..."

"காணும். அதையே தாங்கோ."

மாமாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். ஓட்டோவில் ஏறியதும், "மாமா, மற்றதுதான் கனகாலம் நிக்குமாம்" என்று எடுத்துச் சொன்னேன். அவர் சட்டியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, காலி வீதிக் காற்றில் மொட்டு உதிராமல் இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு வந்தார்.

பூத்ததில் ஒரேயொரு காய் தங்கியது. அது பழுத்தபோது மச்சாளால் நடக்க முடியவில்லை. மாமா அவளைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனார். அவள் பழத்தைத் திருகிப் பறித்தாள். வாயில் வைக்க முடியாத புளி. மாமி உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்தா. "என்ர மரத்துப் பழமடி, முகத்தைச் சுழிக்காமல் தின்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அவளே முகத்தைச் சுழித்துச் சிரித்தாள்.

அடுத்த மாதம் அவளைப் பொரளைச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். பெண்பிள்ளை என்று என்னைப் போகவிடவில்லை.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஒருநாள் கடற்காற்றில் மரம் முறிந்துவிட்டது. நானும் அம்மாவும் போனபோது மாமா பல்கனியில் குந்தியிருந்தார். ஒட்டிய இடத்தில், கத்தியால் வெட்டினதுபோல வழுவழுப்பாக இரண்டும் பிரிந்திருந்தன. அவர் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"கவலைப்படாதேங்கோ மாமா. வாங்கோ, இன்னொண்டு வாங்குவம். இந்த முறை நல்லதாப் பார்த்து."

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆருக்கு, பிள்ளை?"

அவர் உண்மையாகவே கேட்கிறார் என்று நினைத்து, "உங்களுக்கும் மாமிக்கும்தான்" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மா ஏன் சட்டென்று என் வாயைப் பொத்தினா என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.