டைரக்ட் ஃப்ளைட்டும் ஒன்பதரை மணி நேரமும்

விமான் நகர் டிராவல்ஸ் ஆபீஸில் நான் சேர்ந்து இரண்டாவது மாதம். பேப்பர் டிக்கெட் காலம். ஏர்போர்ட் கோடுகளை மனப்பாடம் செய்துவிட்டதால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு.

கட்கி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் முருகன், அம்மா செல்லம்மாவுடன் டிக்கெட் வாங்க வந்தார். மும்பை – நியூயார்க். அங்கே செல்லம்மாவின் மகள் மாலாவுக்கு அடுத்த வாரம் பிரசவம். செல்லம்மா தனியாகப் போகிறார். தமிழும் காய்கறிக்கடை மராத்தியும்தான் அவருக்குத் தெரியும்.

முருகன் டிக்கெட்டைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

"ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்புது, பதினொன்றரைக்குப் போயிடுது. ஒம்பதரை மணி நேரம்மா. டைரக்ட் ஃப்ளைட்டு. எறங்குனதும் கூட்டத்தோட வெளிய போ, மாலா நிப்பா."

"வேலூருக்கு ரயில்ல போனாலே ஒரு நாளாவுது. அமெரிக்கா அவ்ளோ கிட்டவா? தெரிஞ்சிருந்தா மாசம் ஒருவாட்டி போயிருப்பனே" என்றார் செல்லம்மா.

நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கணக்கு உறைத்தது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எந்த விமானமும் ஒன்பதரை மணி நேரத்தில் போகாது. பதினொன்றரை என்பது நியூயார்க் கடிகாரம். நமக்கு அப்போது இரவு பத்து. மொத்தம் இருபது மணி நேரம்.

அதோடு போகவில்லை. டைரக்ட் என்றால் ஃப்ளைட் நம்பர் மாறாது, அவ்வளவுதான், நடுவில் நிற்கலாம். டைம்டேபிளைப் புரட்டினேன். லண்டனில் ஹால்ட். மும்பையிலிருந்து லண்டனுக்கு அதே ஒன்பதரை மணி நேரம். கூட்டத்தோடு வெளியே நடந்தால் இங்கிலாந்து விசா இல்லாமல் இமிக்ரேஷனில் நிற்பார். விமானம் போய்விடும். முருகனிடம் சொன்னேன்.

"உங்க சார் டைரக்ட்னுதானே மேடம் சொன்னாரு?" முருகன் முகம் சுருங்கியது.

கேபினிலிருந்து எங்கள் முதலாளி குல்கர்ணி சார் எட்டிப் பார்த்தார். "டிக்கெட் தே தியா நா? காம் கதம்." டிக்கெட் கொடுத்தால் வேலை முடிந்தது என்பது அவர் கட்சி. நான் நாற்காலியை இழுத்துச் செல்லம்மா பக்கத்தில் போட்டேன்.

"மொதல்ல எறங்குறது லண்டன்மா. கையில ஒரு கார்டு தருவாங்க. அந்தக் கார்டு வச்சிருக்கவங்களோடயே உக்காருங்க, வெளிய போயிடாதீங்க. திரும்ப அதே ப்ளேன்ல ஏறணும். ரெண்டாவது எறங்குறதுதான் நியூயார்க்."

"நம்ம ரயிலு குண்டக்கல்ல ரொம்ப நேரம் நிக்குமே, அந்த மாதிரின்னு சொல்லேன் கண்ணு. டீ கெடைக்குமா?"

அவர் கிளம்பிய அன்று முழுக்க ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை முருகன் கூப்பிட்டார்.

"போய்ச் சேந்துட்டாங்க மேடம். லண்டன்ல பக்கத்து சீட்டம்மா வெளிய வா வான்னு கையப் புடிச்சு இழுத்தாங்களாம், எங்கம்மா கார்டுக்காரங்கள விட்டு அசையலையாம். கடைசியில மாலாவ நேர்ல பாத்தப்புறமும், 'இது ரெண்டாவதுதானடி?'ன்னு கேட்டாங்களாம்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படித்துக் காட்டுவதோடு நான் இப்போது நிறுத்துவதில்லை. எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், எத்தனை முறை தரையிறங்கும், இரண்டையும் பயணி வாயாலேயே சொல்ல வைத்துத்தான் அனுப்புகிறேன். கவுண்டரில் ஸ்கூல் நடத்துகிறேன் என்று குல்கர்ணி சார் கிண்டல் செய்வார். செய்யட்டும்.